விமானத்திலிருந்து கார் வரை

படிக்கட்டின் கடைசிப் படியிலிருந்து
காரின் கதவு வரை எழுபத்தோரு அடி.
ஸீப் விமான நிலையத்தில், வெயில் ஏறுமுன்,
ஸ்டாப்வாட்ச்சும் கையுமாய்
சவரிராயன் நடந்து அளந்தது.
மன்னர்களுக்கு ஐம்பது வினாடி.
பிரதமர்களுக்கு நாற்பது.
எண்ணெய்க் கம்பெனிக்காரன்
ஓடியே போய் ஏறிக்கொள்வான்.

அவர் எழுதிய மார்ச் மூன்றரை நிமிடம்.
ஒத்திகையிலும் மேஜர்
கார்க்கதவு வரைதான் அனுமதிப்பார்.

எழுபத்தெட்டில்
வெலிங்டன் பாரக்ஸை விட்டு மஸ்கட் வந்தபோது
ஒப்பந்தத் தாளில் அவர் வேலைக்குப் பெயர்
இசைப்படி எழுத்தர்.
மேஜர் குளித்துவிட்டு வந்து விசிலடிப்பார்.
அந்த ஒற்றைக் கோவணத்தை
நாற்பத்திரண்டு வாத்தியங்களுக்கும்
உடுப்பாய் வெட்டித் தைப்பார் இவர்.
தாளின் வலது மூலையில் மேஜர் பெயர்.
இவர் பெயர்
மைப்புட்டி வாங்கிய ரசீதில்.

ஒன்றே ஒன்று முழுக்க இவருடையது.
எண் பத்தொன்பது.
அதற்கு மூலை காலி.

ஆகஸ்டில் பித்தளை சுடும், சுருதி ஏறும்.
"ஆறப் போட்டு ஊதுங்கடா" என்பார்
இட்லியைச் சொல்வதுபோல.
கிளாரினெட் மரம் வெடிக்காமலிருக்கப்
பெட்டிக்குள் ஆரஞ்சுத் தோல் வைப்பார்.
பழத்தை நான் தின்பேன்.
நான் பெரிய டிரம். எனக்கு வெடிக்க ஒன்றுமில்லை.

எண் பத்தொன்பதின் பின்பாதியில்
டிரம்முக்குப் பதினாறு கட்டம் ஓய்வு.
எனக்கு மட்டும் ஏன் வேலையில்லை என்று கேட்டேன்.
நிப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"நீ அடித்தால் அவள் பேசுவது கேட்காது."

ரூவியில் வெள்ளிக்கிழமை, டெலிபோன் வரிசை.
மூன்று ரியால் கார்டு.
தீரப்போகிறது என்று கருவி எழுப்பும் இரண்டு சத்தம்;
அதற்கு மேல் பிலோமி
எதை எந்த வேகத்தில் சொன்னாளோ,
யூஃபோனியம் அதை எடுத்துப் போகும்
என்று தாளில் இருந்தது.
தாளில்தான்.

தொண்ணூற்றேழு, பிப்ரவரி.
யாரோ ஒரு ஜனாதிபதி.
கை அசைந்தது, தொடங்கிவிட்டோம்.
படிக்கட்டு வண்டி
விமான வாசலுக்கு ஒரு முழம் முன்னால்
நின்றுவிட்டது. நகரவில்லை.
நாற்பது வினாடி.
ஐம்பது.
முதலிலிருந்து வாசிப்பதா, மேலே போவதா?
கோலை ஓங்கிய கல்ஃபான்
பேருந்தருகே நின்ற சவரிராயனைப் பார்த்தார்.
அவர் ஒரு விரலால்
காற்றில் பக்கத்தைப் புரட்டினார்.

பதினோரு வருடம் மடிப்புக் கலையாத தாள்
நாற்பது இடங்களில் சரசரத்தது.

இரண்டு சத்தம்.
பிறகு யூஃபோனியம்.
நான் கட்டையைத் தூக்கிப் பிடித்தபடி
பதினாறு வரை எண்ணினேன்.
எரிபொருள் லாரியின் பலூச்சி டிரைவர்
குழாயைப் பிடித்த கையை மறந்து திரும்பினான்.
வாசலில் ஜனாதிபதி
பள்ளத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் கட்டத்தில் ஏதோ உறுத்தியது.
இரண்டாம் கார்னெட்.
நெற்றியில் ஈ உட்கார்ந்தது போல
சவரிராயன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

அன்றிரவு அவர் அறையில் விளக்கு அணையவில்லை.
போய்ப் பார்த்தால், பிளேடும் ரப்பருமாய்,
பிரதிகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தார்.
"என் கைப்பிழைதான்" என்றார்.
"ஒரு ஷார்ப் விட்டுவிட்டேன்.
பதினோரு வருடமாய்
தப்பாகப் பேசிக்கொண்டிருக்கிறாள்."
மேஜரின் விசிலில் ஒரு மூச்சைக்கூட
விடாத கை அது.

நாலு பிரதியையும் சுரண்டித் திருத்தினார்.
தாள் மெலிந்து
விளக்கு அந்த இடத்தில் ஊடுருவியது.

இரண்டாயிரத்து மூன்றில் கணக்கு முடித்து
அனுப்பினார்கள், என்னை அடுத்த வருடம்.
இடையில்
எத்தனையோ விமானங்கள் வந்தன.
படிக்கட்டு வண்டிகளைப் புதிதாக வாங்கியிருந்தார்கள்,
ஜெர்மன் தயாரிப்பு,
ஒரு விரற்கடை பிசகாது.

அந்த ஷார்ப் சரிதானா என்று
இன்றுவரை
யாருக்கும் தெரியாது.